பேரனுக்கு எந்த லாப்டாப்?

(நாக்பூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் காரியதரிசி எனக்கு ஃபோன் செய்தார். "ஸார், பிளஸ் டூ பரீட்சை முடிந்தால் எல்லார் அகத்திலும் ஒரே பேச்சு. கேமிங் லாப்டாப் வேண்டும் என்கிறான் பிள்ளை. தூக்கிக்கொண்டு போக லேசாக இருந்தால் போதும் என்கிறாள் அம்மா. பணம் கொடுக்கப் போகிறவர் தாத்தா. அவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் பௌதிகம் படித்தவர், அரை மணி நேரம் விளக்கிச் சொல்லுங்கள்" என்றார்.

நான் திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தது 1970-ல். எங்கள் கல்லூரியில் அப்போது கம்ப்யூட்டர் என்ற வஸ்துவைக் கண்ணால் கண்டவர் எவரும் கிடையாது. லாகரிதம் புத்தகமும், வசதியுள்ள பையன்களிடம் ஸ்லைடு ரூலும்தான் இருந்தன. பிற்பாடு மத்திய சர்க்கார் உத்தியோகத்தில், 1980-களின் கடைசியில், எங்கள் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை, ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கர்ப்பக்கிருகம் மாதிரி எட்டி நின்று தரிசனம் செய்துவிட்டு வருவோம். ஆகவே என்னை நிபுணர் என்று எண்ணிவிட வேண்டாம். நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. இந்த விஷயத்தில் நான் இரண்டு தடவை தப்புச் செய்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான தப்பு. இரண்டுக்கும் என் சொந்தப் பணத்தைக் கொடுத்திருக்கிறேன். பணம் போனது பெரிதல்ல. அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதோ மேஜை மேல் இரண்டு பைகள் இருக்கின்றன. ஒன்றில் என் பிள்ளையின் ஆபீஸ் லாப்டாப், ஒல்லி ரகம். இன்னொன்றில் என் பேத்தியின் கேமிங் லாப்டாப். இன்று காலை சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்தேன். முதலாவது 1.3 கிலோ, அதன் சார்ஜர் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. இரண்டாவது 2.4 கிலோ, சார்ஜர் மட்டும் 800 கிராம், ஒரு செங்கல் மாதிரி இருக்கிறது. மொத்தம் 3.2 கிலோ. கடைக்காரர் எடை சொல்லும்போது சார்ஜரைச் சேர்க்கவே மாட்டார். ஆனால் அந்தச் செங்கல் இல்லாமல் கேமிங் லாப்டாப் அதன் முழு வேலையைச் செய்யாது. எனவே எடை கேட்டால் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

எடை ஏன் கூடுகிறது? இங்கேதான் என் பழைய பௌதிகம் கொஞ்சம் உதவுகிறது. கம்ப்யூட்டர் எவ்வளவு மின்சாரம் சாப்பிடுகிறதோ அவ்வளவும் கடைசியில் உஷ்ணமாகத்தான் வெளியே வர வேண்டும். கணக்குப் போட்டாலும் சரி, படம் காட்டினாலும் சரி, வாட்டுக்கு வாட் உஷ்ணம். ஒல்லி லாப்டாப்பில் உள்ள மூளைச் சில்லு சாதாரணமாக 15 வாட்டிலிருந்து 28 வாட்டுக்குள் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. கேமிங் லாப்டாப்பில் மூளைச் சில்லு மட்டும் 45 வாட்டுக்கு மேல். அதோடு படம் வரைவதற்கென்று தனியாக ஒரு கிராஃபிக்ஸ் சில்லு இருக்கிறது, அது 100 வாட்டுக்கு மேலேயும் போகும். இரண்டும் சேர்ந்து முழு மூச்சில் ஓடும்போது 150 வாட் என்று வையுங்கள். நம் சின்ன வயதில் ஹாலில் எரிந்த 75 வாட் குண்டு பல்பு இரண்டை ஒரு பரீட்சை அட்டைக்குள் மூடி வைத்தது போல. இன்னொரு கணக்கும் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் உடம்பிலிருந்து சுமார் 100 வாட் உஷ்ணம் வெளியாகிறது. ஹாஸ்டல் அறையில் இரண்டு பையன்களும் கேமிங் லாப்டாப்பை முடுக்கிவிட்டால் அறையில் நாலைந்து பேர் இருக்கிற புழுக்கம்.

இந்த உஷ்ணத்தை வெளியே தள்ள இரண்டு மின்விசிறி, செம்புக் குழாய், தகடுகள், காற்று போக ஜன்னல்கள். அதனால்தான் பருமன், அதனால்தான் எடை, அதனால்தான் அந்த இரைச்சல். ஒல்லி லாப்டாப்பில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. ஆப்பிள் கம்பெனியின் மேக்புக் ஏர் 2020-லிருந்து மின்விசிறியே இல்லாமல் வருகிறது. சத்தமே இல்லை. ஆனால் தொடர்ந்து கனமான வேலை கொடுத்தால், சூடு ஏறியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்தச் சில்லுகள் எல்லாமே சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தம்மைக் காத்துக்கொள்ள அப்படித்தான் செய்யும். முதல் இரண்டு நிமிஷம் குதிரை, பிறகு கட்டை வண்டி. கடையில் காட்டுவது முதல் இரண்டு நிமிஷத்தை.

வேகத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு நேர்விகிதம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில்லின் மின்செலவு அதன் துடிப்பு வேகத்தைப் பொறுத்தும், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தும் கூடுகிறது. வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருப்பதால், உத்தேசமாக வேகத்தின் கனத்துக்கு ஏற்ப மின்செலவு ஏறும். 10 சதவீதம் வேகம் வேண்டுமானால் 33 சதவீதம் அதிக மின்சாரம். 20 சதவீதம் வேண்டுமானால் 70 சதவீதத்துக்கும் மேல். எல்லாவற்றிலும் உச்சம் வேண்டும் என்று கேட்பவர் அந்தக் கடைசி இருபது சதவீதத்துக்காகத்தான் அவ்வளவு எடையையும் இரைச்சலையும் விலையையும் சுமக்கிறார். பின் வரிசை இளைஞர்கள் இதை மறுக்கலாம், கேள்வி நேரத்தில் பார்த்துக்கொள்வோம்.

நம் ஊருக்கென்று ஒரு விசேஷமும் உண்டு. பெரும்பாலான லாப்டாப்புகளின் விவரக் குறிப்பில் மூலையில் சின்ன எழுத்தில் ஒன்று போட்டிருக்கும்: சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை உபயோகிக்கலாம். நாக்பூரில் மே மாதம் 45 டிகிரி. டில்லி, போபால், ஐதராபாத் அன்பர்களுக்கும் இது பொருந்தும். கூலர் ஓடும் அறையில் வைத்தால் சமாளிக்கும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், மெத்தை மேல் வைத்து, தலையணையால் அதன் ஜன்னலை அடைத்துக்கொண்டு ஓட்டினால் எந்த லாப்டாப்பும் தாங்காது. கேமிங் லாப்டாப் இன்னும் சீக்கிரம் படுத்துவிடும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2022-ல் என் பெண் வயிற்றுப் பேத்திக்குப் புனேயில் ஆர்க்கிடெக்சர் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் அந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் அவள். லாப்டாப் என் செலவு என்று எல்லோர் முன்னிலையிலும் பிரகடனம் செய்துவிட்டேன். போபாலிலிருந்து என் மாப்பிள்ளை ஃபோன் செய்தார். அவர் மிகவும் சாது. "மாமா, காலேஜ்லேர்ந்து ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்கா. பதினாறு ஜி.பி. மெமரி, தனி கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் வேணும்னு போட்டிருக்கு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாப்பிள்ளை, ஸ்பெசிஃபிகேஷன் எழுதறவா எப்பவும் ஒண்ணுக்கு ரெண்டாத்தான் எழுதுவா. டெண்டர் கமிட்டியில பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான்" என்றேன்.

சபையில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள், உங்களுக்குப் புரியும். எந்த ஃபைல் வந்தாலும் கேட்டதில் பாதியை வெட்டுவது என் வேலையாக இருந்தது. பல தடவை வெட்டியது சரியாகவும் இருந்தது. அதே பேனாவால் பேத்தியின் லிஸ்டையும் வெட்டினேன். அழகான, வெள்ளி நிறத்தில், நோட்டுப் புத்தகம் மாதிரி ஒரு லாப்டாப். எட்டு ஜி.பி. மெமரி. தனி கிராஃபிக்ஸ் கிடையாது. அதைக் கையில் வாங்கியதும் அவள் முகம் மலர்ந்தது. "தூக்கறதே தெரியலை தாத்தா" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் முதல் வருஷம் பெரும்பாலும் கையால் வரைவது, அட்டையில் மாதிரி கட்டுவது. இரண்டாம் வருஷம் கட்டட மாதிரியைக் கம்ப்யூட்டரிலேயே மூன்று பரிமாணத்தில் கட்டி, அதற்கு வெயில், நிழல், மரம், மனுஷாள் எல்லாம் சேர்த்துப் படமாக எடுக்க வேண்டும். ரெவிட், லூமியன் போன்ற மென்பொருள்கள். லூமியனுக்கெல்லாம் தனி கிராஃபிக்ஸ் சில்லு கட்டாயம். நான் வாங்கிக் கொடுத்த வெள்ளிப் புத்தகம் மூச்சுத் திணறியது. மெமரியையாவது கூட்டலாம் என்று கடைக்குப் போனால், அது தாய்ப்பலகையிலேயே ஈயத்தால் பற்றவைக்கப்பட்டது, மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். ஒல்லி லாப்டாப்புகள் பலவற்றில் அப்படித்தான். வாங்கிய அன்று எவ்வளவோ அவ்வளவே ஆயுசுக்கும்.

அவள் என்ன செய்தாள்? தோழிகள் தூங்கப் போன பிறகு அவர்களுடைய லாப்டாப்பை இரவல் வாங்கி, ராத்திரி பன்னிரண்டிலிருந்து விடியற்காலை வரை வேலை செய்திருக்கிறாள். 2024 ஏப்ரலில் ஒரு சமர்ப்பணத்துக்கு முதல் நாள் அந்தத் தோழியின் லாப்டாப்பும் கிடைக்கவில்லை. டிசைன் பாடம் போயிற்று. அதைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. வகுப்பிலேயே முதல் மூன்று பேரில் ஒருத்தியாக இருந்த குழந்தை.

மே மாதம் லீவுக்கு இங்கே வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வேறு நாளைக்கு ஒரு தடவை, "லாப்டாப் எப்படி ஓடறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஃபைன் தாத்தா" என்பாள். ஒரு நாள் மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு சமையலறையில் பாட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். கடைசியில் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. "பாட்டி, தாத்தாகிட்ட சொல்லாதே. ஆசையா வாங்கிக் குடுத்தார்."

நான் எழுந்து வரவில்லை. படுத்தபடியே இருந்தேன். டெண்டர் கமிட்டியில் பன்னிரண்டு வருஷம்.

அடுத்த தப்பு அதிலிருந்து பிறந்ததுதான். அதே 2024 ஆகஸ்டில் என் பிள்ளை வயிற்றுப் பேரனுக்குத் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் கிடைத்தது. இந்தத் தடவை நான் வெட்டவில்லை. கடைக்காரர் எதைக் காட்டினாலும் அதற்கு மேல் என்ன என்று கேட்டேன். பேரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இரு, எனக்கு அனுபவம் ஆயிருக்கு" என்று அடக்கிவிட்டேன். ஃபிக்ஸட் டெபாசிட் ஒன்றை முதிர்வுக்கு முன்பே முறித்து, ஒரு லட்சத்து இருபதாயிரம் சொச்சம் கொடுத்து, கீபோர்டில் ஏழு வர்ணத்தில் விளக்கு எரிகிற ஒரு ராட்சஸனை வாங்கினேன். ஜி.டி. எக்ஸ்பிரஸில் அவனை ஏற்றிவிட்டபோது பையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

முதல் வருஷ கம்ப்யூட்டர் ஸயன்ஸில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஸி, பைதான் என்று நிரல் எழுதக் கற்றுத் தருகிறார்கள். அதற்கு எந்த லாப்டாப்பும் போதும். நிஜமாகவே எதுவும் போதும். செயற்கை நுண்ணறிவு, மெஷின் லேர்னிங் என்று பிள்ளைகள் ஒரு மந்திரம் சொல்லிக் கேமிங் லாப்டாப் கேட்பார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. அந்தப் பாடங்களில் பலவும் என்விடியா கம்பெனியின் சில்லுகளை வைத்துத்தான் நடக்கின்றன. ஆனால் அது வருவது மூன்றாம் வருஷத்தில். அதையும் கூகுளின் கோலாப் போன்ற வசதியில் இன்டர்நெட் மூலமாகவே, ஓரளவுக்கு இலவசமாக, பயிலலாம். பெரிய மாதிரிகளைப் பழக்க வேண்டுமானால் எந்த லாப்டாப்பும் பற்றாது, கல்லூரியின் கம்ப்யூட்டருக்குத்தான் போக வேண்டும்.

அவன் விடுதியிலிருந்து வகுப்புக்கு நடந்து போக வேண்டிய தூரம் அதிகம். மூன்றே கால் கிலோவை முதல் வாரம் தூக்கினான். வகுப்பில் பிளக் பாயின்ட் சுவரோரம் மட்டும். செங்கல்லைச் செருகாமல் வைத்தால் இரண்டாவது வகுப்பு முடிவதற்குள் பாட்டரி தீர்ந்துவிடுகிறது. மின்விசிறி இரைந்தால் வாத்தியார் திரும்பிப் பார்க்கிறார். மூன்றாவது வாரத்திலிருந்து அதை அறையிலேயே பூட்டி வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு போனான். லைப்ரரியில் செல்போனில் நிரல் எழுதிப் பார்த்தான். ராத்திரி கேம் ஆடினானா? ஆடினான். நானே கேட்டேன், மறைக்காமல் சொன்னான். ஒரு மாதம் நன்றாக ஆடினேன், அப்புறம் அலுத்துவிட்டது என்றான். இதை நம் மாமிகள் குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் கேமிங் என்று எழுதியிருப்பதால் அது சூதாட்ட இயந்திரம் ஆகிவிடாது. கேம் ஆட வேண்டும் என்றிருப்பவன் செல்போனிலேயே ஆடுவான்.

அந்தத் தீபாவளிக்கு எல்லோரும் நாக்பூரில் கூடினோம். இரண்டு பேரும் மாடியில் மணிக்கணக்காக என்னவோ செய்துகொண்டிருந்தார்கள். ஊருக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், பேத்தியின் முதுகில் கறுப்புப் பை, பேரன் கையில் வெள்ளிப் புத்தகம். மாற்றிக்கொண்டுவிட்டார்கள்! அவரவர் ஃபைல்களையெல்லாம் இடம் மாற்றி, ஒன்றும் பாக்கி வைக்காமல் முடித்திருக்கிறார்கள். "என்னடா இது, விலை வித்தியாசம் எவ்வளவு தெரியுமா?" என்று பேரனைக் கேட்டேன். "தாத்தா, எனக்கு எது வேணும்னு கேட்டிருந்தேள்னா நான் அன்னிக்கே சொல்லியிருப்பேனே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான்தான் பதில் பேசவில்லை.

பேத்தி அந்தப் பாடத்தை முடித்துவிட்டாள். போன அந்த ஒரு செமஸ்டர் போனதுதான். பேரனின் எட்டு ஜி.பி. இப்போது அவனுக்கும் திணறுகிறது. அடுத்ததை அவனே தேடுகிறான். நான் செக் எழுதுவதோடு சரி.

சரி, நீங்கள் வாங்கப் போகும்போது என்ன பார்க்க வேண்டும்? முதலில் படிப்பு. ஆர்க்கிடெக்சர், மெக்கானிகல், சிவில், அனிமேஷன், வீடியோ எடிட்டிங் என்றால் தனி கிராஃபிக்ஸ் வேண்டும், எடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஸாலிட்வொர்க்ஸ், ரெவிட் போன்றவை விண்டோஸில் மட்டும் ஓடுபவை. அந்தப் படிப்புக்கு மேக் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திண்டாடிய குடும்பம் எனக்குத் தெரியும். ஒல்லி விண்டோஸ் லாப்டாப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்நாப்டிராகன் சில்லு வைத்தவை வருகின்றன. பாட்டரி அமோகமாக நிற்கும், ஆனால் சில பொறியியல் மென்பொருள்கள் அவற்றில் ஓடுவதில்லை. காமர்ஸ், பி.ஏ., சட்டம், மெடிகல், ஸி.ஏ. படிக்கும் குழந்தைகளுக்கு ஒல்லியே உத்தமம், அதில் சந்தேகமே வேண்டாம். கம்ப்யூட்டர் ஸயன்ஸுக்கும் நல்ல ஒல்லி போதும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் மெமரி 16 ஜி.பி.க்குக் குறையக்கூடாது, பற்றவைத்த ரகமானால் வாங்கும்போதே யோசித்து வாங்க வேண்டும். கேமிங் லாப்டாப்பில் பெரும்பாலும் பின்பக்கத் தகட்டைத் திறந்து மெமரியைக் கூட்டிக்கொள்ளலாம். அது ஒரு பெரிய சௌகரியம்.

கல்லூரி லிஸ்ட் கொடுத்தால் அதைப் படியுங்கள். வெட்டாதீர்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு ஒரு உதாரணம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற லாப்டாப் சில்லை, லாப்டாப் தயாரிப்பவர் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை தம் இஷ்டப்படி அமைத்துக்கொள்ளலாம். இரண்டு லாப்டாப்பின் பெட்டியிலும் அதே பெயர்தான் இருக்கும். ஒன்று மற்றதைவிட வெகு மந்தமாக ஓடும். ஒரே பெயரில் நம் தெருவில் இரண்டு ராமசாமி இருந்தால் சின்ன ராமசாமி, பெரிய ராமசாமி என்று சொல்லுவோமே, அந்த மரியாதைகூடக் கிடையாது. ஆகவே கிராஃபிக்ஸ் எத்தனை வாட் என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், கம்பெனியின் விவரக் குறிப்பில் பார்க்கச் சொல்லுங்கள். இன்டெல் மூளைச் சில்லின் பெயர்க் கடைசியில் யு என்ற எழுத்து இருந்தால் சிக்கன ரகம். ஹெச், ஹெச்எக்ஸ் என்றிருந்தால் பெருந்தீனி ரகம்.

பாட்டரி விஷயத்தில் கணக்கு சுலபம். வாட்-மணி என்று போட்டிருப்பதை, வேலைக்குத் தேவையான வாட்டால் வகுக்க வேண்டும். ஒல்லியில் 55 வாட்-மணி. எழுதுவது, படிப்பது போன்ற வேலைக்கு 8 வாட் என்றால் ஏழு மணி நேரம். கேமிங் லாப்டாப்பில் 80 வாட்-மணி. அதே வேலைக்கு 20 வாட் என்றால் நாலு மணி. கேம் ஆடினால் ஒரு மணி நேரம் கண்டால் அதிர்ஷ்டம், அதுவும் வேகம் குறைந்துதான் ஓடும். பெரிய பாட்டரியாகப் போடக்கூடாதா என்று கேட்கலாம். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப்போக 100 வாட்-மணிதான் வரம்பு, அதனால் லாப்டாப் கம்பெனிகள் அதற்குள்ளேயே நின்றுவிடுகின்றன. கேமிங் லாப்டாப் வைத்திருப்பவர்கள் வகுப்புக்குப் போகும்போது கிராஃபிக்ஸ் சில்லைத் தூங்கவைக்கும் ஹைபிரிட் ஏற்பாட்டைப் போட்டுக்கொள்ளலாம்; திரையின் துடிப்பு 144-ல் இருந்தால் 60-க்குக் குறைத்துக்கொள்ளலாம். இதை என் பேரனுக்கு யாரும் சொல்லவில்லை. எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லாப்டாப்பில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் ஏற்பாடு இருக்கும். அதைப் போட்டு வைத்தால் பாட்டரி உப்பிக்கொள்ளாமல் நாள் கழிக்கும்.

இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். சில கேமிங் லாப்டாப்புகளுக்குப் பெரிய பிளக் வருகிறது, கீஸருக்கு வருமே, அந்த 16 ஆம்பியர் ரகம். ஹாஸ்டல் அறையில் இருப்பது சின்ன ஸாக்கெட். குழந்தை முதல் நாள் ராத்திரி பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும். 230 வாட் சார்ஜர் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் ஒரு ஆம்பியர்தான், ஆகவே நல்ல தரமான மாற்றுப் பிளக் ஒன்று வாங்கிப் பையில் போட்டு அனுப்புங்கள். அதே மாற்றுப் பிளக்கில் தண்ணீர் கொதிக்கவைக்கும் ஹீட்டரைச் செருகாதே என்றும் சொல்லி அனுப்புங்கள்.

விலையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. மாதத்துக்கு மாதம் மாறுகிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி. அதற்குள் இருக்கிறது. மாணவர் அடையாள அட்டைக்குத் தள்ளுபடி தரும் கம்பெனிகள் உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள். கீழே விழுந்தால் பழுது பார்த்துத் தரும் கூடுதல் பாதுகாப்பை ஹாஸ்டல் குழந்தைகளுக்கு எடுத்து வைப்பது நல்லது. பழைய லாப்டாப்பை இரண்டாங்கையாக வாங்க நினைப்பவர்கள், அதில் விண்டோஸ் 11 ஓடுமா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

நம் வயதுக்காரர்களும் சிலர் கேட்டார்கள். பென்ஷன் சம்பந்தமான வேலை, இன்கம்டாக்ஸ், அமெரிக்காவில் உள்ள பெண்ணோடு வீடியோவில் பேசுவது, இவ்வளவுதானே? நமக்கு 13 அங்குல ஒல்லியும் வேண்டாம், ராட்சஸனும் வேண்டாம். 15.6 அங்குலத் திரையில், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வசதியாக ஒரு நடுத்தர லாப்டாப். கண் டாக்டருக்குக் கொடுக்கும் ஃபீஸ் மிச்சம்.

1981-ல் ஆஸ்பார்ன் என்று ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கையோடு எடுத்துப் போகலாம் என்று விளம்பரம் செய்தார்கள். எடை சுமார் 11 கிலோ, பாட்டரி கிடையாது. ஜனங்கள் சந்தோஷமாகத்தான் வாங்கினார்கள். 2008-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு தபால் உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். அன்றிலிருந்து எல்லோருக்கும் உறைக்குள் போகிற லாப்டாப் மேல் ஆசை. எனக்கும் 2022-ல் அந்த ஆசைதான் என்று இப்போது தோன்றுகிறது. அதைச் சுமக்கப் போகிறவள் நான் அல்லவே.

பேத்தி நாலு நாள் லீவில் வந்திருக்கிறாள். கடைசி வரிசையில் பச்சை சூடிதார். கூட்டம் முடிந்ததும் இந்த மேஜைக்கு வருவாள். அவள் போன வாரம் சமர்ப்பித்த ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை இந்தக் கறுப்பு ராட்சஸனில் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் வழியாக வெயில் நகர்வதுகூடத் தெரிகிறது. மின்விசிறி சத்தத்தையும் கேளுங்கள். லாப்டாப் வாங்க இருப்பவர்கள் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, செங்கல்லோடு சேர்த்துத்தான், இந்த ஹாலை ஒரு தடவை சுற்றி வாருங்கள். குழந்தைகளை அழைத்து வந்திருப்பவர்கள் அவர்களையே சுற்றிவரச் சொல்லுங்கள். காபி ரெடி என்று காரியதரிசி கையைக் காட்டுகிறார்.